மாட்டுக் கொட்டாயில் கட்டிப் போட்ட பதில்

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளுக்கு, அதிலும் குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு ஐந்து நிமிடம் நிம்மதியாகக் குளிக்க முடியாத அம்மாக்களுக்கு, இண்டூர் பக்கத்திலிருந்து செல்வராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். எனக்கு சபைக்கு முன்னால் நின்று பேச வராது. நான் பேச ஆரம்பித்தால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் எழுதியே தருகிறேன்.

என் மகன் ஜோயலுக்கு ஏழு வயது நடக்கிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சிரிப்பான். வலித்தாலும் சிரிப்பான், பயந்தாலும் சிரிப்பான். ஒருமுறை படியில் விழுந்து நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியபோதும் சிரித்தான். பார்க்கிறவர்கள், "எவ்வளவு சந்தோஷமான புள்ள!" என்பார்கள். அவன் சிரிப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது, பக்கத்தில் இருக்கிறதா, தூரமாகப் போகிறதா என்றுதான் என் காது கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தான். பத்து மாதமாகியும் உட்காரவில்லை. இரண்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. சேலத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார். முடிவு வர ஏழு வாரம் ஆனது. மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது என்றார்கள். அபூர்வமாக வருகிற கோளாறாம். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான்கு வயதில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது என்றார்கள். சொந்தக்காரர்கள் விட்டுவைப்பார்களா? மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாயா, எதையாவது தின்றாயா என்று என்னையே குடைந்தார்கள். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு துடைத்தவள் நான். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வேலையை விட்டேன்.

அந்த சேலம் டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா உசுரும்மா. பளபளன்னு அசையறதைப் பாத்தா காலு தானா அங்க போயிடும். ஆழம் தெரியாது, பயம் தெரியாது. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் எங்களைச் சுற்றி எத்தனை இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேன். எங்கள் வீடு ஊருக்குள் இல்லை, எங்கள் நிலத்திலேயே இருக்கிறது. வாசலில் பேரல். மாட்டுக்கு சிமெண்ட் தொட்டி. வீட்டுக்குப் பின்னால் நாற்பதடிக் கிணறு. மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் ஏரி வாய்க்கால். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் பார்த்த தண்ணீர்தான். அன்று மத்தியானம் அவை எல்லாம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டோம். பேரலுக்கு மூடி. கதவுக்கு மேலே, கீழே இரண்டு தாழ்ப்பாள். அப்படியும் இரண்டு முறை கை நழுவினான். ஒருமுறை மாட்டுத் தொட்டியில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றான். தூக்கியபோது கண் திறந்திருந்தது. இரண்டாவது முறை ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டாள். "உன் புள்ள முழங்கால் தண்ணியில நின்னு சிரிச்சிக்கினு இருந்தான் கண்ணு," என்றாள். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

போன ஆனி மாதம் பக்கத்து நிலத்து முனுசாமி அண்ணன் பண்ணைக் குட்டை வெட்டினார். மழைத் தண்ணீரைத் தேக்கிப் பயிருக்கு விட இப்போது எங்கள் பக்கம் நிறையப் பேர் வெட்டுகிறார்கள். நான்கு பக்கமும் சரிவாகத் தோண்டி, தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். அந்தத் தாள் நனைந்தால் பாசி பிடித்த பாறையைவிட வழுக்கும். பெரிய ஆள் விழுந்தாலே ஏறி வர முடியாது. அண்ணன் நல்ல மனிதர். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுத்தான் வேலை முடித்தார். ஆனாலும் என் சமையலறை ஜன்னலில் நின்றால் மரவள்ளிக்கு மேலே அந்தக் கறுப்பு விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். தாள் விரித்த அன்று ஜோயல் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். வெயிலில் தாள் மினுமினுத்தது. அவன் சிரித்தான்.

அன்று மண்டியிட்டேன். அலங்காரமாக ஜெபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, இவனைப் பேச வையும், சுகமாக்கும் என்று இத்தனை வருஷம் கேட்டாயிற்று. அது உம்முடைய சித்தம். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கண் அசந்தாலும் அசராத ஒரு ஆளை இந்த வீட்டுக்கு அனுப்பும். அனுப்பாவிட்டால் ஒருநாள் இவனை நீர் அந்தக் குட்டையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்." இப்படித்தான் சொன்னேன். மிரட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது நாள் போன் வந்தது. ஜோயலுக்கு வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்கிற சிறப்பு ஆசிரியை விஜயா மேடம் பேசினார். ஓசூர் பக்கம் நஞ்சுண்டப்பா என்று ஒருவர் இருக்கிறார், போலீஸில் மோப்ப நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர், இப்போது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க நாய்களைப் பழக்கித் தருகிறார், ஒரு நாய் தயாராக இருக்கிறது என்றார்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆள் கேட்டால் நாயா?

என் வீட்டுக்காரர் ஜெயபால் பால் வண்டி ஓட்டுகிறார். அவரிடம் சொன்னபோது, "நாயா? வூட்டுல இவனப் பாக்கவே ஆளில்ல, இதுல நாயப் பாக்க ஒரு ஆளு வெக்கணுமா?" என்று சிரித்தார். பிறகு அவரே, "சரி, வந்துதான் பாக்கட்டுமே," என்றார்.

ஆடி முதல் வாரம் நஞ்சுண்டப்பா வந்தார். கூடவே கறுப்பு நிறத்தில், தொங்கு காதோடு ஒரு பெண் நாய். பெயர் சுக்கி. கன்னடத்தில் நட்சத்திரமாம். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். நாய்க்கோ முழுக்கக் கன்னடம். என் வீட்டுக்கு வந்த உதவிக்குத் தமிழே தெரியாது என்று ஆண்டவரிடம் அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

பத்து நாள் எங்களோடு தங்கிச் சொல்லிக் கொடுத்தார். ஜோயலுக்கு மார்பைச் சுற்றி ஒரு பட்டை. அதன் முதுகில் ஒரு கைப்பிடி. கைப்பிடியிலிருந்து ஒரு வார் சுக்கியின் கழுத்துப் பட்டைக்குப் போகும். ஜோயல் இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தால் "மலகு" என்று சொல்ல வேண்டும். படு என்று அர்த்தம். உடனே சுக்கி தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதன் எடையை ஜோயலால் இழுக்க முடியாது. வார் அவிழ்ந்துவிட்டால் கைப்பிடியைப் பல்லால் கவ்விக்கொள்ளப் பழக்கியிருந்தார். அவன் காணாமல் போனால் "ஜோயல் எல்லி?" என்று கேட்க வேண்டும். ஜோயல் எங்கே என்று அர்த்தம். மோப்பம் பிடித்துப் போய் நிற்கும்.

போகும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நோடம்மா, பாத்துக்கங்க, இது வூட்டுக் காவலுக்கு வந்த நாய் இல்ல. சும்மா கத்தாது. கத்துச்சுன்னா போய்ப் பாருங்க. அப்புறம், யாரு வந்தாலும் இதைக் கட்டிப் போடாதீங்க. பையன் ஒரு பக்கம் இது ஒரு பக்கம்னு பிரிக்கவே கூடாது. வலிப்பு வர்றதை சில நாய் முன்னாடியே கண்டுபிடிக்கும், சிலது கண்டுபிடிக்காது. அதை நம்பி மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க."

சரி சரி என்று தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். சுக்கி வந்த பிறகு நான் தாழிட்டுக் குளித்தேன். சோறு வடிக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. ஜோயல் அதன் காதைப் பிடித்துக்கொண்டு வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். ஒருநாள் வண்டிச் சத்தம் கேட்டு ரோட்டுப் பக்கம் பாய்ந்தான். நான் சொல்வதற்கு முன்பே சுக்கி படுத்துவிட்டது. அவன் இழுத்தான், சிரித்தான், பிறகு அதன் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் நான் எழுந்து என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கள் மகனுக்கு ஒரு உதவி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை, தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்." மூன்று மாதம் வாரா வாரம் இதையேதான் சொன்னேன். சபைக்கு வரும்போது சுக்கியை வீட்டில் விட்டுவிட்டு வருவேன். என் ஜெபத்துக்குப் பதிலாக நாய் வந்தது என்று எப்படிச் சொல்வது? சிரிக்க மாட்டார்களா? பக்கத்து வரிசையில் இருந்த ஒருத்தரின் மகன் உபவாச ஜெபத்தில் எழுந்து நடந்தான் என்று சாட்சி சொன்னார்கள். எனக்கு அந்த மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. பெருமை என்பதுதான் அதன் பெயர்.

ஐப்பசியில் எங்கள் சபையார் ஜோயலின் சுகத்துக்காக இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் எடுத்தார்கள். கடைசி நாள் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் கூட்டம். அந்த வாரம் முழுக்க மழை. ஜன்னலில் தெரிந்த கறுப்புக் கோடு காணாமல் போய், அந்த இடத்தில் வெள்ளையாகத் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. குட்டை நிரம்பிவிட்டது. ஜோயல் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. எங்கள் பாஸ்டர் போன் செய்து, "சிஸ்டர், வயசான ஒரு சகோதரிக்கு நாய்னா ரொம்ப பயம். கொஞ்சம் பாத்துக்குங்க," என்றார். பாவம், அவர் கட்டிப் போடச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் வாயில் வருவது "நாயக் கட்டு". "வாங்க" என்பது அதற்கு அப்புறம்தான். வருகிறவர்களுக்கு அதுதான் மரியாதை. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டரை மணிக்கு சுக்கியின் கழுத்திலிருந்த வாரைக் கழற்றி, பின்பக்கம் மாட்டுக் கொட்டாய்த் தூணில் மாட்டுச் சங்கிலியால் கட்டினேன். அது என் முகத்தைப் பார்த்தது. குரைக்கவில்லை. ஜோயலின் மார்பிலிருந்த பட்டையையும் கழற்றப் பார்த்தேன். அவன் கழற்ற விடவில்லை. புதுச் சட்டைக்கு மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இருபது பேர் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். மறுபடி மழை இருட்டிக்கொண்டு நின்றது. மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. கரண்டும் போய்விட்டது. கதவை மூடினால் இருட்டாக இருக்கிறது என்று யாரோ திறந்து வைத்தார்கள். நான் ஜோயலின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. ஜெபம் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது, ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது. நானும் மூடினேன். ஜெபம் சூடு பிடித்தது. கண்ணீரோடு மன்றாடினார்கள், எல்லாம் என் பிள்ளைக்காக. அப்போது பாஸ்டர் உரக்கச் சொன்னார். "இரண்டு கைகளையும் உயர்த்துங்க. விசுவாசத்தோட உயர்த்துங்க!"

நான் இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

ஒரு கையில் என் மகன் இருந்தான். விட்டுவிட்டுத்தான் உயர்த்தினேன். பக்கத்தில் அவன் அப்பா இருக்கிறார் என்று நான் நினைத்தேன். என் கையில் இருக்கிறான் என்று அவர் நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சுக்கி குரைக்க ஆரம்பித்தது. விடாமல் குரைத்தது. யாரோ ஒரு சகோதரி, "சத்துரு தடை பண்றான், இன்னும் சத்தமா ஜெபிங்க!" என்றார். எல்லாரும் குரலை உயர்த்தினோம். நாயும் உயர்த்தியது. நாங்கள் இன்னும் உயர்த்தினோம். "ஆண்டவரே, அந்த நாயின் வாயைக் கட்டும்!" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். மூன்று மாதமாக என் பிள்ளையைக் காத்த வாயைக் கட்டச் சொல்லிக் கேட்டேன். சங்கிலி தூணில் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரைப்பு நின்று, ஊளை மாதிரி ஒன்று வந்தது. நான் அதுவரை கேட்டிராத சத்தம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்தொரு நாள் உபவாசத்தை ஒரு நாய் கெடுக்கிறதே என்று. எழுந்து போய் நாலு போடலாம் என்றுதான் கண்ணைத் திறந்தேன். பிள்ளையைப் பார்க்கத் திறக்கவில்லை. நாயை அடிக்கத்தான் திறந்தேன். இதை மறைத்தால் இது சாட்சி இல்லை.

பாயில் என் பக்கத்தில் அவன் இருந்த இடம் காலி.

"ஜோயல்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜெபம் அறுந்தது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். வீட்டுக்காரர் ரோட்டுக்கு ஓடினார். சிலர் கிணற்றுக்கு ஓடினார்கள். நானும் கிணற்றுக்குத்தான் ஓடினேன். கம்பி வலை அப்படியே இருந்தது. ஏரிக்கா, வாய்க்காலுக்கா, குட்டைக்கா? எந்தப் பக்கம் ஓடினாலும் மற்ற இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது. நின்ற இடத்தில் சுற்றினேன். சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். மாட்டுக் கொட்டாயிலிருந்து சங்கிலிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். சுக்கி இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண்ணாகியிருந்தது. கொக்கியை இரண்டு முறை இழுத்தும் கழலவில்லை. மூன்றாவது முறை கழன்றது. "சுக்கி, ஜோயல் எல்லி?" என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே மரவள்ளிக் காட்டுக்குள் பாய்ந்தது.

மரவள்ளி ஆள் உயரம் நின்றது. நாலு எட்டில் நாய் கண்ணுக்கு மறைந்தது. நான் செடிகளை ஒடித்துக்கொண்டு ஓடினேன். சேறு காலை இழுத்தது. முன்னால் எந்தச் சத்தமும் இல்லை. குரைப்பு இல்லை, சங்கிலி இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் நான் பயந்து பயந்து காத்திருந்தது இந்த அமைதிக்குத்தான் என்று தோன்றியது. அப்போது சிரிப்பு கேட்டது. குட்டைப் பக்கமிருந்து கேட்டது.

மழையில் முள் சரிந்து ஓரிடத்தில் வழி விட்டிருந்தது. விளிம்புக்கு வந்து பார்த்தேன். என் மகன் கறுப்புத் தாளின் சரிவில், மார்பளவு தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே சரிவில் சுக்கி, அவன் முதுகுக் கைப்பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நகங்களைத் தாளில் குத்தி நின்றது. ஜோயல் துள்ளும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்து ஒரு விரல் அகலம் கீழே வழுக்கின.

இறங்கினால் நானும் வழுக்கி அவர்கள் மேலேயே விழுவேன். இறங்காவிட்டால் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தாயாகப் பிறந்தவளுக்கு அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "மலகு!" என்று கத்தினேன். சுக்கி வாயிலிருந்த பிடியை விடாமல் அப்படியே சரிவோடு சரிவாகப் படுத்தது. வழுக்குவது நின்றது. ஜோயல் மறுபடி துள்ளினான். அதன் பின்னங்கால் நழுவியது. "மலகு, மலகு, சுக்கி, மலகு!" நான் நிறுத்தினால் அது எழுந்துவிடுமோ என்று பயந்து மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் ஆண்டவர் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. கண் இமைக்காமல் அந்த ஒரு கன்னடச் சொல்லைத்தான் சொன்னேன். அதை அவர் ஜெபமாக ஏற்றுக்கொண்டார் என்று நம்புகிறேன்.

முனுசாமி அண்ணன் என் குரலைக் கேட்டு மோட்டார் இறக்குகிற கயிறோடு ஓடி வந்தார். பின்னாலேயே பாஸ்டரும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். கயிற்றை அண்ணன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை அவர்கள் கையில் கொடுத்தார். "இறுக்கிப் புடிங்க, வுட்றாதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிள்ளையை அள்ளினார். அள்ளிய பிறகும் சுக்கி கைப்பிடியை விடவில்லை. என் கட்டளைக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதை விடச் சொல்லும் கன்னட வார்த்தை எனக்கு மறந்தே போய்விட்டது. இருவரையும் சேர்த்தேதான் மேலே இழுத்தார்கள்.

கரையில் ஜோயலுக்கு வலிப்பு வந்தது. மூன்று நிமிடம் இருக்கும், மூன்று வருஷம் போலிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கிற, டாக்டர் கொடுத்த வலிப்பு மருந்தை மூக்கில் அடித்தேன். பாஸ்டர் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவனைப் போர்த்தினார். பிறகு பனியனோடு சேற்றில் உட்கார்ந்து நாயின் காலைப் பார்த்தார். இரண்டு நகம் வேரோடு பெயர்ந்திருந்தது.

"நான்தானம்மா நாயப் பாத்துக்கச் சொன்னேன்," என்றார்.

"இல்லீங்க ஐயா. கட்டினது நான்தாங்க," என்றேன். "ஐயா, இன்னொண்ணும் சொல்லணுங்க. மூணு மாசமா பதில் வரலைன்னு சபையில பொய் சொன்னனுங்க. அது அப்பவே வந்துட்டுதுங்க."

அவர் நாயின் காலைத் தன் கைக்குட்டையால் கட்டினார். அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். நாய்க்குப் பயந்த அந்த வயதான சகோதரிதான் முதலில் முழங்கால் போட்டார். இந்த முறை யாரும் கண்ணை மூடவில்லை.

இது நடந்து சில மாதம் ஆகிறது. சுக்கிக்குக் கால் ஆறிவிட்டது, மழை பெய்தால் மட்டும் லேசாக நொண்டுகிறது. முனுசாமி அண்ணன் குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு கேட்டுக்குப் பூட்டும் போட்டார். வெயில் வந்து தண்ணீர் இறங்கியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தாளில் வரிவரியாக நகம் கிழித்த தடம், மேலிருந்து கீழே ஒரு கை நீளத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே ஆழம்தான். "இத ஒட்டணும்னு ஆள் வர சொன்னேன். அப்புறம் மனசு வரல, வுட்டுட்டேன்," என்றார். அவர் நம் சபைக்காரர் இல்லை. ஆனாலும் குனிந்து அந்தத் தடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

ஜோயல் சுகமாகிவிட்டானா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் பேசவில்லை. போன மாதம் வலிப்பு கூடியது, மருந்தை மாற்றினார்கள். வளர வளர இன்னும் பலசாலியாவான், ஒருநாள் சுக்கியைவிட எடை கூடுவான், சுக்கிக்கும் வயதாகும். அதையெல்லாம் நினைத்தால் பயம் வருகிறது. பயமே இல்லை என்று எழுதினால் அது மறுபடியும் பொய். ஆனால் முன்பு நான் தனியாகப் பயந்தேன். இப்போது பயம் வந்தால் அன்று கேட்ட மாதிரியே கேட்கிறேன், யாரை வேண்டுமானாலும் அனுப்பும், எந்த உருவத்தில் வேண்டுமானாலும் அனுப்பும் என்று. வருகிறவரை வாசலிலேயே வரவேற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சுக்கி இப்போது சபைக்கு வருகிறது. பெண்கள் பக்கம், கடைசிப் பாயில் ஜோயலோடு படுத்திருக்கிறது.

என்னைப் போல ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத உருவத்தில் ஏதாவது வந்து நிற்கலாம். கூச்சப்படாதீர்கள். நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்ற வாய்க்காரிக்கே இரங்கியவர் உங்களுக்கு இரங்க மாட்டாரா? எல்லாப் புகழும் அவர் ஒருவருக்கே.

இதை வாசலைப் பார்த்த மாதிரி சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் வெளியே ஜோயலின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. முன்பானால் பேனாவைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். சுக்கி குரைக்கவில்லை. அதனால் இந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.